ஏற்காட்டில் பழைய செடிகளைத் தேடினால்

கோடை விழா நேரத்தில் ஏற்காடு அண்ணா பூங்கா வாசலில் டிக்கெட்டுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு முரண்டு கிளம்பும். உள்ளே டேலியா, சாமந்தி, ஜெர்பரா, ரோஜா என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பார்க்க அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் செடிகளின் வரலாற்றில் இவையெல்லாம் கடைசிப் பந்திக்கு வந்து உட்கார்ந்தவை. சாமந்தி, டேலியா, ஜெர்பரா மூன்றும் சூரியகாந்திக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் தடயம் டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில்தான் கிடைக்கிறது, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்குள் செடிகள் நிலத்துக்கு வந்து 40 கோடி ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன!

பழைய ஆட்களைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். மழை பெய்து விட்ட மறுநாள் அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால், கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே பாறையை வெட்டிய இடங்களிலும் தடுப்புச் சுவர்களிலும் பச்சையாக அப்பிக் கிடப்பதைப் பார்க்கலாம். (வளைவிலேயே வண்டியை நிறுத்திவிடாதீர்கள், மேலேயிருந்து பஸ் இறங்கி வரும்.) தடவிப் பார்த்தால் வெல்வெட் மாதிரி இருப்பது பாசி. பாறையோடு பாறையாகத் தட்டையாக, சின்னச் சின்ன இலைத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டினாற்போல் இருப்பது லிவர்வோர்ட். அதற்குப் பக்கத்து வெடிப்பில் பெரணி. பூ கிடையாது, விதை கிடையாது, யாரும் போட்டோ எடுப்பதும் கிடையாது.

அந்தப் பாறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து ஆங்கிலேயப் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. இங்கே இருக்கும் பாறை தரைக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இந்த உருவத்துக்கு வந்து ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதனால்தான் ஏற்காட்டுப் பாறையில் புதைபடிவம் தேடிப் பயனில்லை. அந்தப் பாறை உருவானபோது பூமியில் செடி என்று ஒன்றும் கிடையாது, நுண்ணுயிர்கள் மட்டும்தான். அப்படியே ஏதாவது சிக்கியிருந்தாலும் அந்தச் சூட்டில் அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

ஆனால் இந்தப் பக்கம் கஞ்சமலையில் வேறு ஒரு சாட்சி இருக்கிறது. அடிவாரத்தில் உருக்காலை இருப்பதால் கஞ்சமலை என்றாலே சேலத்துக்காரர்களுக்கு இரும்பு ஞாபகம் வரும். அந்த மலையின் தாது கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும், மாக்னடைட்டும் குவார்ட்சும் மாறி மாறி. உலகம் முழுவதும் இந்த மாதிரிப் பட்டை இரும்புப் பாறைகள் கிடைக்கின்றன, பெரும்பாலும் மிகப் பழைய காலத்தவை. ஆதிக் கடல்களில் இரும்பு கரைந்து கிடந்தது, ஆக்சிஜன் கிடைத்த இடத்தில் துருவாகி அடியில் படிந்தது, அந்த ஆக்சிஜனில் ஒரு பங்கையாவது வெயிலை வைத்துச் சமைக்கக் கற்றுக்கொண்ட நுண்ணுயிர்கள் விட்டிருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த நுண்ணுயிர்கள்தான் சயனோபாக்டீரியா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றிலேயே ஆக்சிஜன் தங்க ஆரம்பித்ததற்கும் இவைதான் காரணம்.

செடியின் கதை இங்கேதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன், பூவில் அல்ல, இலையில்கூட அல்ல. ஒரு இலையைக் கிள்ளி நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே பச்சைப் பொட்டுகள் தெரியும், பசுங்கணிகங்கள். அந்தப் பொட்டுகள் ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த சயனோபாக்டீரியாக்கள். வேறொரு செல் ஒன்றை விழுங்கியது, ஆனால் செரிக்கவில்லை, உள்ளேயே குடிவைத்துக்கொண்டது. மெரெஷ்கோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1905-லேயே இதைச் சொன்னார், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1967-ல் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் மறுபடி எழுதினார், அந்தக் கட்டுரையைப் பல இதழ்கள் திருப்பி அனுப்பின. பிறகு பசுங்கணிகத்துக்குள் அதற்கென்று தனி டி.என்.ஏ. இருப்பதும், அது சயனோபாக்டீரியாவின் டி.என்.ஏ.வோடு ஒத்துப்போவதும் தெரிந்த பின் வாயை மூடிக்கொண்டார்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டம் முழுக்கப் பச்சையாகத் தெரிகிறதே, அந்தப் பச்சை இன்றைக்கும் அந்த வாடகைக் குடித்தனக்காரர்களுடையதுதான்.

அப்புறம் ரொம்ப காலம் எல்லாம் தண்ணீரிலேயே இருந்தன. கடலில் வேண்டியது கிடைக்கும்போது கரையேற வேண்டிய அவசியம் என்ன? நிலத்துச் செடிகளுக்கு மிக நெருங்கிய சொந்தம் கடல்பாசி கிடையாது, நன்னீர்ப் பாசி. (சுவரில் பார்த்த வெல்வெட் பாசி வேறு, இந்தத் தண்ணீர்ப் பாசி வேறு, பெயர்தான் ஒன்று.) அதிலும் குறிப்பாக ஸ்பைரோகைரா வகையறா. மூக்கனேரியிலோ பனமரத்துப்பட்டி ஏரியிலோ ஓரத்தில் தலைமுடி மாதிரி வழுவழுவென்று கையில் சுற்றிக்கொள்ளும் பாசி இருக்குமே, பள்ளிக்கூடத்தில் ரிப்பன் மாதிரி பசுங்கணிகம் சுருண்டிருப்பதாகப் படம் போட்டோமே, அதேதான். மழையில் நிறைந்து வெயிலில் வற்றும் குட்டைகளில் வாழ்ந்த பாசிகளுக்குக் காய்ந்துபோகாமல் தாக்குப்பிடிக்கப் பழகிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தது. கடலில் இருந்தவற்றுக்கு அது இல்லை.

இதில் நம் ஊர்ப்பக்கத்துப் பங்கும் ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த எம்.ஓ.பி. ஐயங்கார், 1932-ல் பிரிட்ஷியெல்லா என்ற பச்சைப் பாசியை விவரித்தார். காய்ந்துகொண்டிருக்கும் ஈர மண்ணில் வளர்வது அது. ஒரு பகுதி மண்ணுக்குள் படுத்துக் கிடக்கும், இன்னொரு பகுதி மேலே நிமிர்ந்து நிற்கும். நிலச்செடிகளின் தொடக்கம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று பாடப்புத்தகங்கள் அதை உதாரணமாகக் காட்டின. பிற்பாடு மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது அது வேறு கிளையைச் சேர்ந்தது, நிலச்செடிகளுக்கு நேர்ச் சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. எனக்கு இதனால் ஐயங்கார் மேல் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. தண்ணீரிலிருந்து மண்ணுக்கு வருகிற வேலையை வெவ்வேறு பாசிகள் தனித்தனியாக முயன்று பார்த்திருக்கின்றன, அதில் ஒன்றை அவர் வற்றுகிற சேற்றில் கண்ணால் பிடித்திருக்கிறார்.

முயன்றவற்றில் ஒரே ஒரு கிளைதான் உலகத்தையே பச்சையாக்கும் அளவுக்கு வென்றது. அது எப்போது? இலை, தண்டு எல்லாம் கல்லில் பதிவதற்கு முன்பே வித்துத் துகள்கள், அதாவது பாசியும் பெரணியும் விதைக்குப் பதிலாகத் தூவுகிற தூசி, பதிந்துவிட்டன. அர்ஜென்டினாவில் கிடைத்த அந்த நுண்துகள்களுக்கு வயது சுமார் 47 கோடி ஆண்டுகள். காற்றில் பறந்து காய்ந்துபோகாமல் இருக்கிற கெட்டியான உறை அவற்றுக்கு இருந்தது. அந்த உறை இல்லாமல் கரையேற்றமே கிடையாது. செடியின் முதல் கண்டுபிடிப்பு ஒரு மழைக்கோட்டு அல்ல, வெயில் கோட்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பள்ளிப் பாடம் இதைக் குழப்பிவிடுகிறது. தடுப்புச் சுவரில் இருக்கும் பாசியும் லிவர்வோர்ட்டும் நம் ரோஜாவுக்குப் பாட்டி கிடையாது. ஒன்றுவிட்ட சகோதரிகள். லிவர்வோர்ட்டிலிருந்து பாசி, பாசியிலிருந்து பெரணி, பெரணியிலிருந்து பூச்செடி என்று படிக்கட்டு மாதிரி வரைந்து காட்டுவார்கள், அது தப்பு. சுவர்ப் பாசியும் லிவர்வோர்ட்டும் அவை மாதிரியே சின்னச் செடியான ஹார்ன்வோர்ட்டும் சேர்ந்து ஒரு கிளை, தண்ணீர்க்குழாய் உள்ள மற்ற எல்லாச் செடிகளும் இன்னொரு கிளை என்றுதான் சமீபத்திய மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு கிளைக்கும் ஒரே வயது. பாசி அதே 47 கோடி ஆண்டுகளும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது, சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

சரி, ஆதிச் செடியின் உருவம் என்ன? தண்டு என்று சொல்லத்தக்க முதல் புதைபடிவம் குக்சோனியா, வயது சுமார் 43 கோடி ஆண்டுகள். 1937-ல் டபிள்யூ.எச். லேங் என்பவர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இசபெல் குக்சனின் பெயரை அதற்கு வைத்தார். சில சென்டிமீட்டர் உயரம், இலை இல்லை, பூ இல்லை, கவட்டை மாதிரி இரண்டிரண்டாகப் பிரியும் தண்டு, நுனியில் வித்துப் பை. அவ்வளவுதான். இதைப் பார்த்து யாருக்கும் பெருமூச்சு வராது.

பெருமூச்சு வரவேண்டிய இடம் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. ரைனி என்ற சிற்றூர். வில்லியம் மாக்கி என்ற டாக்டர், கல் பார்ப்பதில் பைத்தியம் உள்ளவர், 1912 வாக்கில் அந்த ஊர் வேலிச் சுவர்களில் அடுக்கியிருந்த ஒருவிதக் கல்லைக் கவனித்தார். அதைச் சீவி மெல்லிய தகடாக்கி நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே செடிகள், செல் செல்லாக. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன் அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்திருக்கின்றன, அதிலிருந்து வழிந்த சிலிக்கா கலந்த தண்ணீர் நின்ற செடியை நின்ற வாக்கிலேயே கல்லாக்கிவிட்டது. முழங்கால் உயரம்கூட வராத செடிகள். பெரும்பாலானவற்றுக்கு வேர் இல்லை, இலை இல்லை, ஆனால் தண்டின் தோலில் மூச்சுத் துளைகள் இருக்கின்றன, உள்ளே தண்ணீர்க் குழாய் இருக்கிறது. நடுவில் பூச்சி இனத்து உயிர்களும் சிலந்தி இனத்து உயிர்களும் கிடக்கின்றன. கிட்ஸ்டன் என்ற ஆய்வாளரும் மேலே சொன்ன லேங்கும் 1917 தொடங்கி சில ஆண்டுகள் இதை மட்டுமே விவரித்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார்கள்.

ரைனியில் என்னை அசரவைத்தது செடிகள்கூட இல்லை. அந்தத் தண்டின் செல்களுக்குள் பூஞ்சை இருக்கிறது. நோயாக வந்த பூஞ்சை அல்ல, மரம் மாதிரி கிளை விட்டுச் செல்லுக்குள் பரவி, செடிக்குத் தாதுச்சத்து கொடுத்துச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் கூட்டாளி. வேரே இல்லாத காலத்தில் வேர் வேலையைப் பூஞ்சை பார்த்திருக்கிறது. இன்றைக்கும் நிலச்செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கூட்டு உண்டு. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறதே, 1963-ல் தொடங்கியது, அங்கே இருக்கும் ஆர்க்கிடுகளின் விதை தூசி மாதிரி. உள்ளே சாப்பாடே கிடையாது. இயற்கையில் பொருத்தமான பூஞ்சை வந்து ஊட்டாவிட்டால் அது முளைக்காது. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் குடுவைச் செடியைத் தேடிப் போய் "பூச்சி புடிக்குதா பாருங்க" என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பூஞ்சையை யாரும் கேட்பதில்லை, பாவம்.

இதற்கப்புறம் வேகமாகப் போகிறது. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்கள். அமெரிக்காவில் கில்போவா என்ற ஊரில் 1869-ல் வந்த வெள்ளம் மண்ணை அரித்தபோது அந்தக் காலத்து அடிமரங்கள் வெளியே தெரிந்தன, ஆனால் மேலே உச்சி எப்படி இருந்தது என்று புரிய 2007 வரை ஆகிவிட்டது, பனை மாதிரி நெடுமரம். பிறகு நிலக்கரிக் காலத்துச் சதுப்புக் காடுகள். 30 மீட்டருக்கு மேல் வளர்ந்த லெபிடோடென்ட்ரான் மரங்களின் சொந்தம் இன்றைக்குச் செலாஜினெல்லாவாகச் சுருங்கி, காய்ந்தால் சுருண்டும் தண்ணீர் பட்டால் விரிந்தும் பாறையில் கிடக்கிறது. நம் நாட்டு நிலக்கரி பெரும்பாலும் அந்தக் காட்டுடையது அல்ல. அதற்கு அடுத்த பெர்மியன் காலத்து குளோசாப்டெரிஸ் மரங்களுடையது, நாக்கு வடிவ இலை உள்ளவை. அதே இலை தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லா இடத்திலும் கல்லில் பதிந்திருக்கிறது, இந்த நிலங்கள் ஒன்றாக ஒட்டியிருந்ததற்கு அதுதான் பெரிய சாட்சி. தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912-ல் பனியில் செத்த ஆங்கிலேயப் பயணி ஸ்காட்டும் கூட்டாளிகளும் கடைசிவரை இழுத்து வந்த ஏறக்குறைய 16 கிலோ கற்களில் இந்த இலை இருந்தது.

குளோசாப்டெரிஸுக்கு விதை உண்டு, பூ இல்லை. விதை என்பது வித்துத் துகளுக்குச் சாப்பாடும் போர்வையும் கட்டிக் கொடுத்து அனுப்புகிற ஏற்பாடு. சேலத்திலிருந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இதற்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர் போய் சாத்தனூர் கல்மரத்தைப் பாருங்கள். 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது, வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. அந்த மரத்தின் காலத்தில் கடல் அங்கே வரைக்கும் கிட்டத்தட்ட வந்திருந்தது. கல்மரம் கூம்பு காய்க்கும் இனம், பைன் மாதிரி, பூக்காதது. பூச்செடிகள் உலகத்தைப் பிடிப்பதற்கு முன் காடு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு துண்டு அது. கம்பி வேலிக்குள் கிடக்கிறது, நான் பார்த்தபோது என்னைத் தவிர ஆள் இல்லை.

இனி பூ. டார்வினுக்கு இது உறுத்தியது. 1879 ஜூலை 22-ல் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் பூச்செடிகளின் திடீர் எழுச்சியை 'அருவருப்பான மர்மம்' என்று குறிப்பிட்டார். அவருடைய கொள்கைப்படி எல்லாம் மெல்ல மெல்ல மாறி வர வேண்டும், இதுவோ டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேஷியஸ் காலத்துப் பாறையில் முன்னறிவிப்பே இல்லாமல் வகைவகையாக வந்து நிற்கிறது.

அதற்கு முன் பூ மாதிரி தோற்றம் காட்டியவை இருந்தன. ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகளில் கிடைத்த துண்டுகளை ஒட்டி, புதைபடிவச் செடிகளை ஆராய்ந்த பீர்பல் சாஹ்னி 1932-ல் வில்லியம்சோனியா என்ற செடியை முழு உருவமாக வரைந்து காட்டினார். பனை மாதிரி அடிமரம், இறகு மாதிரி இலை, நடுவில் இதழ் விரித்த பூ போலவே ஒன்று. ஆனால் உள்ளே விதை மூடிய சூலகத்தில் இல்லை, அதனால் அது பூ இல்லை. சாஹ்னி பற்றி ஒரு வரி: லக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனத்துக்கு 1949 ஏப்ரல் 3-ல் நேரு அடிக்கல் நாட்டினார், கல் முழுக்கப் புதைபடிவம் பதித்திருந்தார்கள், ஒரே வாரத்தில், ஏப்ரல் 10-ல், சாஹ்னி போய்விட்டார்.

உண்மையான பூவின் பழைய தடயம் மகரந்தம், 13 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன். முழுச்செடியாகக் கிடைத்தவை அதற்குச் சற்றுப் பின். 1998-ல் சீனாவில் சுன் கே குழுவினர் ஆர்க்கிஃப்ரக்டஸ் என்ற ஒன்றை அறிவித்தபோது கிரெட்டேஷியஸுக்கு முந்தைய ஜுராசிக் காலத்தது, முதல் பூ இதுதான் என்று உலகமே கொண்டாடியது. பிறகு அந்தப் பாறையின் வயதைச் சரியாக அளந்தார்கள், சுமார் 12.5 கோடிதான். ஸ்பெயினில் கிடைத்த மான்ட்செக்கியாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயது, 2015-ல் மறுபடி ஆராய்ந்து சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே தண்ணீரில் வாழ்ந்தவை. மான்ட்செக்கியாவுக்கு இதழே இல்லை. இன்னொரு பக்கம் மரபணு மாற்றங்களை எண்ணிக் காலம் கணக்கிடுபவர்கள் பூ இதைவிட பல கோடி ஆண்டுகள் பழையது என்கிறார்கள், ஜுராசிக் அல்லது அதற்கும் முன். கல்லில் கிடைக்கும் கணக்கும் மரபணுக் கணக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. 17 கோடி ஆண்டுப் பூ என்று 2018-ல் சீனாவிலிருந்து நான்ஜிங்காந்தஸ் வந்தது, அது பூவே இல்லை, கூம்பு என்று இன்னொரு கட்சி. நான் கூம்புக் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அவள் மகள் கேட்டாள்: "மாமா, உலகத்துலயே முதல் பூ எது? ரோஸா, தாமரையா? ஒண்ணு சொல்லுங்க." இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். பிரியாணிக்குத் தயாராக எல்லாம் இருந்தது. அதிலிருந்து அன்னாசிப்பூ, பட்டை, பிரிஞ்சி இலை, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மிளகு ஆறையும் எடுத்துத் தட்டில் தனியாக வைத்தேன். அக்கா கரண்டியோடு வந்தாள். "டேய், பட்டையை எடுத்து வெச்சுக்கிட்டு என்னடா பாடம் நடத்தற, தாளிக்கணும் குடு."

கொடுத்துவிட்டுத்தான் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். இன்று உயிரோடு இருக்கும் பூச்செடிகளின் வம்சத்தில் மற்ற எல்லாரையும் விட்டு முதலில் பிரிந்துபோன கிளையில் இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஒரு இனம், ஆம்போரெல்லா. பசிபிக்கில் நியூ கலிடோனியா தீவில் மட்டும் வளரும் குற்றுச்செடி. 1999-ல் பல ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் இந்த முடிவுக்கு வந்தன. இரண்டாவதாகப் பிரிந்தது அல்லி. மூன்றாவதாகப் பிரிந்த கிளையில்தான் அன்னாசிப்பூ காய்க்கும் மரம் இருக்கிறது. நாம் பிரியாணியில் போடும் அந்த நட்சத்திரம் காய்ந்த காய், ஒவ்வொரு முனையும் ஒரு தனிச் சூலகம். அதற்கு அடுத்துக் கிளைத்த பெரிய கூட்டம் மக்னோலியா கூட்டம், சுமார் 10,000 இனங்கள். பட்டையும் பிரிஞ்சி இலையும் கற்பூர மரமும் ஏற்காட்டில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் பழமும் அதில் ஒரே குடும்பம். ஜாதிக்காய் இன்னொரு குடும்பம். மிளகு, திப்பிலி, வெற்றிலை இன்னொன்று. செண்பகம் இன்னொன்று. சீத்தாப்பழம், மனோரஞ்சிதம், பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கம் எல்லாம் மற்றொன்று. அஞ்சறைப் பெட்டியில் மிச்சமிருந்த சீரகம், சோம்பு, மல்லி, கிராம்பு எல்லாம் வேறு கிளைகளில் பிற்பாடு வந்தவை.

அந்த ஆறும் வாசனைப் பொருளானது தற்செயல் இல்லை. அன்னாசிப்பூ கிளையிலும் மக்னோலியா கூட்டத்திலும் இலை, பட்டை, காய் எங்கும் தனியாக எண்ணெய் நிரப்பிய உருண்டைச் செல்கள் இருக்கும். பூச்சியும் பூஞ்சையும் கிட்ட வராமல் இருக்கச் செய்துகொண்ட பழைய ஏற்பாடு. பட்டையை ஒடித்தால் வரும் வாசம் அந்தச் செல்கள் உடைகிற வாசம். பூச்சியை விரட்டப் போட்ட மருந்தை நாம் தேடித் தேடித் தின்கிறோம்.

தாமரை கேட்டாளே, அதற்கும் பதில் சொன்னேன். அல்லியும் தாமரையும் ஒரே ஏரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஆனால் சொந்தமே கிடையாது. தாமரையின் நெருங்கிய உறவு எது தெரியுமா? ஏற்காட்டுக் காபித் தோட்டம் முழுக்க நிழலுக்கு நட்டு மிளகுக் கொடி ஏற்றியிருக்கும் சில்வர் ஓக் மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நான் முதலில் படித்தபோது ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்தேன். மரபணு பார்த்து வகைப்படுத்தியவர்கள் தாமரை, சில்வர் ஓக், பிளேன் மரம் எல்லாவற்றையும் புரோட்டியேல்ஸ் என்ற ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஆக அந்தத் தோட்டத்தில் தாமரையின் சொந்தக்காரர் மேல் ஆதிக் கிளையைச் சேர்ந்த மிளகு ஏறிக்கொண்டிருக்கிறது, கீழே நேற்று வந்த காபி. நடத்துகிற முதலாளிக்கு மிளகு விலை மட்டும் தெரியும்.

முதல் பூ எப்படி இருந்திருக்கும் என்று 2017-ல் எர்வே சோக்கே தலைமையில் ஒரு சர்வதேசக் குழு 792 இனங்களின் பூக்களை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டது. வந்த விடை: ஆணும் பெண்ணும் ஒரே பூவில், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி, இதழும் புல்லியும் என்ற வித்தியாசம் இல்லாமல் மூன்று மூன்றாகப் பல அடுக்கு, நடுவில் ஒட்டாமல் தனித்தனியாகச் சூலகங்கள். அதே அச்சில் இன்று எந்தப் பூவும் இல்லை. ஆனால் செண்பகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், ரொம்பத் தூரத்தில் இல்லை. இதழ் எது புல்லி எது என்று பிரிக்க முடியாது. நடுக் காம்பில் சூலகங்கள் சுற்றிச் சுற்றி ஒட்டியிருக்கும். தேனீக்கள் பெருகுவதற்கு முன்பே இந்த வகைப் பூக்களுக்கு வண்டுகள்தான் வேலைக்காரர்கள். வண்டு மென்று தின்னும், அதனால் இதழும் தடிமன், சூலகமும் கெட்டி. தாமரை இன்னும் ஒரு படி போய் வண்டுக்குச் சூடான அறையே கொடுக்கிறது. வெளியே 10 டிகிரி குளிராக இருந்தாலும் பூவுக்குள் 30 டிகிரிக்கு மேல் தானே சூடு வைத்துக்கொள்ளும்.

சீத்தாப் பூவை யாரும் பூ என்றே மதிப்பதில்லை. மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், ஆனால் இந்தப் பக்கத்து அடிவாரங்களில் காட்டுச்செடி மாதிரி தானாக முளைத்துக் கிடக்கிறது. கோடை மழை இரண்டு விழுந்த பின் கிளையில் பச்சை மஞ்சளாக, மூன்று தடித்த இதழோடு தொங்கும். முதலில் பெண்ணாக இருக்கும், பிறகு ஆணாக மாறும், ஒரே பூ. இதழை மெல்ல விரித்தால் நடுவில் சூலகங்கள் நெருக்கமாக இருக்கும், ஒவ்வொன்றும் பிற்பாடு பழத்தில் ஒரு கண். அடியில் மிளகைவிடச் சின்னதாக வண்டு உட்கார்ந்திருந்தாலும் இருக்கும். மிளகின் பூ பார்க்க வேண்டுமென்றால் ஜூன், ஜூலை மழை பிடிக்க வேண்டும். இலைக்கு எதிரே வால் மாதிரி தொங்கும் தண்டில் இதழே இல்லாமல் புள்ளி புள்ளியாக இருக்கும், கையில் லென்ஸ் இருந்தால் நல்லது. எஸ்டேட் வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், பகலில் நாயைக் கட்டிப் போட்டிருப்பார்கள் என்று நம்பிவிட வேண்டாம்.